நாலிரண்டு எட்டு: குதித்துக் கணக்குப் படித்த வகுப்புகளின் நிகழ்வு ஆய்வு

வடக்கு நெதர்லாந்தில் ஒரு தொடக்கப்பள்ளி. பிள்ளைகளுக்கு எட்டு வயது இருக்கும். கணக்கு வகுப்பு தொடங்கியதும் எல்லோரும் எழுந்து அவரவர் மேசைக்குப் பின்னால் நிற்கிறார்கள். நின்ற இடத்திலேயே மெதுவாக ஓடத் தொடங்குகிறார்கள். பலகையில் 2 × 4 என்று ஒரு கணக்கு வருகிறது. யாரும் கையைத் தூக்கவில்லை, ஆசிரியரும் யாரையும் பெயர் சொல்லி எழுப்பவில்லை. வகுப்பே எட்டு முறை குதிக்கிறது. மறுபடி மெல்லோட்டம், மறுபடி ஒரு கணக்கு. பத்துப் பதினைந்து நிமிடம் இப்படிப் போகும். அப்புறம் அதே அளவு நேரம் மொழிப் பாடம். ஆசிரியர் ஒரு சொல்லைத் தருவார். பிள்ளைகள் அதை எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டே எழுத்துக்கு ஒரு குதி குதிப்பார்கள். மூன்றெழுத்துச் சொல் என்றால் மூன்று குதி.

யாரோ ஒரு ஆசிரியர் ஆர்வத்தில் ஒரு நாள் செய்து பார்த்த விளையாட்டு இல்லை இது. கிரோனிங்கன் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் மனித இயக்க அறிவியல் துறை உருவாக்கிய 'ஃபிட் என் ஃபார்டிக் ஒப் ஸ்கோல்' என்ற திட்டத்தின் பாடம். மரைக்கே முல்லெண்டர்-வைன்ஸ்மா, எஸ்தர் ஹார்ட்மன் முதலான ஆய்வாளர்கள் இதை இரண்டு ஆண்டுகள் வகுப்பறைகளில் நடத்தி, தேர்வு வைத்து அளந்து, முடிவுகளை 2016இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள்.

விளையாட்டு வழியாகக் கற்பிக்க வேண்டும் என்று நம்மூரில் பேசாத பயிற்சி வகுப்பே கிடையாது. ஆனால் எந்த விளையாட்டு, எந்தப் பாடத்துக்கு, எவ்வளவு நாள், அதனால் என்ன வந்தது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். இந்த நெதர்லாந்துத் திட்டத்தை நான் விரிவாக எடுத்துக்கொள்வதற்கு அதுதான் காரணம். எது நடந்தது என்பதோடு எது நடக்கவில்லை என்பதையும் இவர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். தொடக்கநிலை ஆசிரியருக்கு இந்த இரண்டாவது பகுதிதான் அதிகம் பயன்படும் என்பது என் எண்ணம்.

எப்படி நடத்தினார்கள்

12 தொடக்கப்பள்ளிகள், 499 பிள்ளைகள். தொடங்கும்போது இரண்டாம், மூன்றாம் வகுப்புகளில் இருந்தவர்கள். பிள்ளைகளைத் தனித்தனியாகப் பிரிக்காமல் வகுப்பு வகுப்பாகக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதி வகுப்புகளுக்குக் குதித்துப் படிக்கும் பாடம், மற்றவற்றுக்கு வழக்கமான பாடம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்த இந்த மற்றவைதான் கட்டுப்பாட்டு வகுப்புகள். வாரத்துக்கு மூன்று பாடம், ஒவ்வொன்றும் 20 முதல் 30 நிமிடம், ஆண்டுக்கு 22 வாரம். திட்டப்படி பார்த்தால் ஆண்டுக்கு 66 பாடம். இரண்டு ஆண்டுக்கு 132.

பாடத்தின் வடிவம் எளிமையானது. இரண்டு வகை அசைவு. கணக்குகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் நின்ற இடத்தில் ஓடுவது, நடைபோடுவது, மெல்லக் குதிப்பது என்று ஓர் அடிப்படை அசைவு தொடர்ந்துகொண்டே இருக்கும். விடை சொல்லும்போது அதற்கென்று தனியாக ஓர் அசைவு. கேள்விகள் டிஜிட்டல் பலகையில் வரும். பிள்ளைகள் வகுப்பறையை விட்டு வெளியே போவதில்லை, பந்து, கயிறு, கூம்பு எதுவும் வேண்டாம். பாட நேரத்தில் பாதிக்கும் மேல் பிள்ளைகள் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்கினார்கள் என்று பதிவாகியிருக்கிறது.

எடுத்துக்கொண்ட பாடப்பொருளையும் கவனிக்க வேண்டும். புதிய கருத்து எதையும் இந்தப் பாடங்களில் அறிமுகப்படுத்தவில்லை. பின்னம் என்றால் என்ன, வகுத்தல் ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதெல்லாம் உட்கார்ந்து படிக்கும் வகுப்பில்தான். ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பத் திரும்பச் செய்து, யோசிக்காமலே வரும் அளவுக்குப் பழக்குவதற்குத்தான் குதி. வாய்ப்பாடு, கூட்டல் கழித்தல், எழுத்துக்கூட்டல் இந்த மாதிரி. பல பள்ளிகளில் விளையாட்டுவழிப் பாடம் தடுமாறுவது இந்த இடத்தில்தான் என்று நான் நினைக்கிறேன். பிள்ளைக்குப் புரியாத ஒன்றை ஆட்டத்தில் வைத்தால் ஆட்டமும் போகும், பாடமும் போகும்.

என்ன கிடைத்தது

இரண்டு ஆண்டு முடிவில் வேகக் கணக்கு, பொதுக் கணக்கு, எழுத்துக்கூட்டல் ஆகிய மூன்றிலும் குதித்துப் படித்த வகுப்புகள் தெளிவாக முன்னேறியிருந்தன. விளைவின் அளவு முறையே 0.51, 0.42, 0.45. இந்த எண்களை இப்படிப் புரிந்துகொள்ளலாம்: 100 பிள்ளைகளை மதிப்பெண் வரிசையில் கீழிருந்து மேலாக நிறுத்தினால், 50ஆம் இடத்தில் நிற்கும் பிள்ளை ஏறத்தாழ 66 முதல் 70ஆம் இடத்துக்கு நகர்கிறது. ஆய்வாளர்கள் இதை நான்கு மாதக் கூடுதல் கற்றலுக்குச் சமம் என்று கணக்கிட்டார்கள். தொடக்கக் கல்வியில் இரண்டு ஆண்டில் நான்கு மாத முன்னேற்றம் என்பது சாதாரணமாகக் கிடைப்பதில்லை.

வாசிப்பில் வித்தியாசமே இல்லை. அதே பிள்ளைகள், அதே ஆசிரியர்கள், அதே இரண்டு ஆண்டு. எழுத்துக்கூட்டல் உயர்ந்தது, வாசிப்பு அப்படியே நின்றது. இந்த ஒரு வரியை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். உடலை அசைத்தால் மூளைக்கு ரத்தம் பாயும், எல்லாப் பாடமும் தானாக உயரும் என்று மேடையில் சொல்வது சுலபம். அது உண்மையாக இருந்திருந்தால் வாசிப்பும் உயர்ந்திருக்க வேண்டுமே?

இதே குழுவின் ஓராண்டு மதிப்பீடு ஒன்று 2015இல் வெளியானது. அதில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கிலும் வாசிப்பிலும் கட்டுப்பாட்டு வகுப்பை முந்தினார்கள். ஆனால் இரண்டாம் வகுப்பில் குதித்துப் படித்தவர்களின் கணக்கு மதிப்பெண் மற்றவர்களைவிடக் குறைவாக வந்தது. ஒரே பாடமுறை, ஒரு வகுப்பு இடைவெளி, நேரெதிர் விளைவு. ஏழு வயதுப் பிள்ளைக்கு எண்ணுவதும் குதிப்பதும் ஒரே நேரத்தில் கூடுதல் சுமையாகப் போகலாம். எட்டாவது குதியா, ஒன்பதாவதா என்று எண்ணுவதிலேயே கவனம் போய்விட்டால் நாலிரண்டு எட்டு என்பது மனத்தில் எங்கே பதியும்? இது என் ஊகம்தான். ஆனால் சின்ன வகுப்பில் தொடங்க நினைப்பவர்கள் இந்த முடிவைத் தாண்டிப் போகக் கூடாது.

எதனால் பலித்தது

மூன்று விளக்கங்கள் பொதுவாகச் சொல்வார்கள். உடல் தகுதி கூடினால் மூளைத் திறனும் கூடும் என்பது ஒன்று. அசைந்த பிறகு கவனம் கூர்மையாகும் என்பது இன்னொன்று. மூன்றாவது, அசைவே பாடத்தின் பகுதியாகிவிடுவதால் பயிற்சி ஆழமாகிறது என்பது.

முதல் விளக்கத்தை இவர்களே சோதித்தார்கள். இதே திட்டத்தின் பிள்ளைகளிடம் உடல் தகுதியையும், கவனத்தைக் கட்டுப்படுத்துவது, நினைவில் வைத்து வேலை செய்வது போன்ற மனத்திறன்களையும் அளந்த அறிக்கையும் 2016இல் வந்தது. முதன்மை ஆய்வாளர் யோஹான்னஸ் டி கிரேஃப். மனத்திறன்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. உடல் தகுதியிலும் பாடத்தில் பயன்பட்ட அசைவுக்கு நெருக்கமான வேகமும் ஒருங்கிணைப்பும் மட்டும் தேறின. ஆக, உடல் வலுவாகி, அதனால் மூளை வலுவாகி, அதனால் கணக்கு வந்தது என்ற சங்கிலி இங்கே நிற்கவில்லை.

இரண்டாவது விளக்கத்துக்கு ஆதாரம் உண்டு. இந்தப் பாடம் முடிந்து அடுத்த பாடத்துக்கு உட்காரும்போது, வழக்கமான பாடத்துக்குப் பிறகு உட்காருவதைவிடப் பிள்ளைகள் அதிக நேரம் வேலையில் கவனமாக இருந்ததை வகுப்பறையில் உட்கார்ந்து பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். நம் ஆசிரியர்களுக்கும் இது தெரிந்ததுதான். விளையாட்டுப் பீரியடுக்குப் பிறகு வகுப்பு முதலில் கொஞ்சம் சலசலத்தாலும் பின்பு அடங்கி வேலை செய்யும். ஆனால் கவனம் கூடியது மட்டுமே காரணம் என்றால் வாசிப்பு ஏன் அசையவில்லை என்ற கேள்வி திரும்ப வந்துவிடும்.

மூன்றாவதுதான் எனக்கு வலுவாகத் தெரிகிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 பிள்ளைகள் உள்ள வகுப்பு, 20 நிமிடம், 20 விநாடிக்கு ஒரு கேள்வி. மொத்தம் 60 கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பிள்ளையை எழுப்பினால் ஒரு பிள்ளைக்கு இரண்டு வாய்ப்புகூட முழுதாகக் கிடைக்காது. மீதி நேரமெல்லாம் அடுத்தவர் சொல்வதைக் கேட்பது, அல்லது கேட்பது போல் இருப்பது. எல்லோரும் குதித்து விடை சொன்னால் ஒவ்வொரு பிள்ளையும் 60 கணக்கையும் தானே போட்டாக வேண்டும். விடை உடம்பில் தெரிகிறது. ஏழில் நின்றவன், ஒன்பது வரை போனவள், ஆரம்பிக்கவே இல்லாதவன் எல்லோரையும் ஆசிரியர் நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிடலாம். எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். வாசிப்பு அப்படியல்ல. ஒரு பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வதைக் குதியாக மாற்ற முடியாது. இப்படிப் பார்த்தால் நான்கு தேர்வு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் பொருந்துகின்றன.

இதற்குப் பக்கபலமாக ஆஸ்திரேலியாவில் மீர்த்தோ மாவிலிடியும் சகாக்களும் 2015இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. பள்ளிக்கு இன்னும் போகாத 111 குழந்தைகள் 14 இத்தாலியச் சொற்களை நான்கு வாரத்தில் கற்றார்கள். நான்கு குழுக்கள். ஒரு குழு சொல்லின் பொருளையே உடம்பால் நடித்துக்கொண்டு கற்றது. இன்னொரு குழுவும் ஓடியாடியது, ஆனால் அந்த அசைவுக்கும் சொல்லுக்கும் தொடர்பில்லை. மூன்றாவது குழு உட்கார்ந்தபடி கை அசைவோடு கற்றது. நான்காவது சும்மா உட்கார்ந்து கற்றது. சொற்களை அதிகம் நினைவில் வைத்திருந்தது முதல் குழு. இரண்டாவது குழுவும் உடலை நன்றாக இயக்கியது. ஆனாலும் முதல் குழுவை எட்டவில்லை. அசைவு பாடத்துக்குள் இருந்ததா, பாடத்துக்குப் பக்கத்தில் இருந்ததா என்பதுதான் வித்தியாசம்.

நார்வேயில் ஏன் அப்படி வரவில்லை

நெதர்லாந்தோடு நிறுத்திக்கொண்டால் கதை இனிமையாக இருக்கும். ஆனால் இதைவிடப் பெரிய சோதனை ஒன்று நார்வேயின் மேற்குப் பகுதியில், சோங் ஓ ஃபியூர்டானே மாவட்டத்தில், 2014-15 கல்வியாண்டில் நடந்தது. 57 பள்ளிகள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 1,129 பேர், ஏழு மாதம். முடிவை எழுதியவர்களில் முதல் பெயர் கெய்ர் கோரே ரேசாலாண்ட்.

இங்கே வாரத்துக்கு 165 நிமிடம் கூடுதல் அசைவு. 30 நிமிடப் பாடம் மூன்று, பள்ளி மைதானத்தில், நார்வேஜிய மொழி, கணிதம், ஆங்கிலம் ஆகியவற்றை உடலை இயக்கிக்கொண்டே கற்பது. தினமும் வகுப்புக்கு நடுவே ஐந்து நிமிட அசைவு இடைவேளை. தினமும் பத்து நிமிடம் அசைந்து செய்யும் வீட்டுப்பாடம். வழக்கமான 135 நிமிடத்தோடு சேர்த்தால் வாரத்துக்கு 300 நிமிடம்.

முடிவு: கணிதம், வாசிப்பு, ஆங்கிலம் மூன்றிலும் சராசரியில் வித்தியாசம் இல்லை. விளைவின் அளவு 0.01 முதல் 0.06 வரை, அதாவது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். ஆனால் தொடக்கத் தேர்வில் கணக்கில் கடைசி மூன்றில் ஒரு பங்காக இருந்த பிள்ளைகளை மட்டும் தனியாகப் பார்த்தபோது, அவர்கள் கட்டுப்பாட்டுப் பள்ளிகளின் அதே நிலைப் பிள்ளைகளைவிட 0.62 அளவுக்கு முன்னேறியிருந்தார்கள்.

இரண்டு நாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சில வேறுபாடுகள் கண்ணில் படுகின்றன. நெதர்லாந்தில் இரண்டு ஆண்டு, நார்வேயில் ஏழு மாதம். நெதர்லாந்தில் எட்டு வயது, வாய்ப்பாடும் எழுத்துக்கூட்டலும் பழகும் வயது. நார்வேயில் பத்து வயது, அந்த அடிப்படை பெரும்பாலோருக்கு ஏற்கெனவே கைவந்த வயது. அப்படிப் பார்த்தால் கடைசி மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு மட்டும் பலன் கிடைத்ததில் வியப்பில்லை. அந்த அடிப்படையில் இன்னும் இடைவெளி இருந்தவர்கள் அவர்கள்தான். நார்வேயின் தேர்வுகள் நாடு தழுவிய பொதுத் திறன் தேர்வுகள். நெதர்லாந்துத் தேர்வுகளில் ஒன்று குதித்துப் பழகியதையே நேராக அளந்த வேகக் கணக்கு. இன்னொன்று, நார்வேயில் கட்டுப்பாட்டுப் பள்ளிப் பிள்ளைகளும் வாரத்துக்கு 135 நிமிடம் உடலை இயக்கியவர்கள்தான். நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்தே கிடந்த பிள்ளைகளோடு அங்கே ஒப்பிடவில்லை.

பின்தங்கிய பிள்ளைகளுக்குத்தான் இது மருந்து என்று உடனே முடிவு கட்டிவிடவும் முடியாது. மொத்தத்தில் வராத பலனை ஒரு துணைக்குழுவில் தேடிக் கண்டுபிடிப்பது பலவீனமான சான்று. 2016இல் வெளியான டென்மார்க் சோதனை ஒன்றில் முதல் வகுப்புப் பிள்ளைகள் 165 பேர் ஆறு வாரம் கணக்குப் படித்தார்கள். ஒரு குழு உடலையே பெரிதாக அசைத்து, ஒரு குழு கைவிரல் வேலைகளோடு, ஒரு குழு வழக்கம்போல. உடலைப் பெரிதாக அசைத்ததில் பயன்பெற்றவர்கள் கணக்கில் இயல்பான நிலையில் இருந்தவர்கள். பின்தங்கியவர்களுக்குப் பலன் தெரியவில்லை. நார்வேக்கு நேர்மாறு. வயதும் காலமும் வேறு என்பதால் இரண்டையும் மோதவிடத் தேவையில்லை. கிரோனிங்கனின் இரண்டாம் வகுப்பு முடிவோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு கோடு தெரிகிறது: அடிப்படைப் புரிதல் வந்துவிட்டது, வேகமும் உறுதியும் வரவில்லை என்ற நிலையில் இருக்கும் பிள்ளைக்குத்தான் இது அதிகம் உதவும்.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அங்கேயும் வகுப்பாசிரியர்கள் பாடத்தோடு உடல் அசைவைச் சேர்த்து நடத்தினார்கள். ஜோசப் டோனெல்லி குழு 2009இல் வெளியிட்ட முதல் சோதனையில் பிள்ளைகளின் கல்வித்தேர்ச்சி உயர்ந்தது. 17 பள்ளிகளில் மூன்றாண்டு நடத்தி 2017இல் வெளியிட்ட இரண்டாவது சோதனையில் உயரவில்லை. அந்த இரண்டாவதில் வாரத்துக்கு 100 நிமிடம் இப்படி அசைந்து படிப்பது இலக்கு. வகுப்பாசிரியர்கள் உண்மையில் நடத்தியது சராசரியாக 55 நிமிடம். இதில் ஆசிரியரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று ஆண்டு, வாரந்தோறும், ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் அசைவைத் தானே யோசித்து உருவாக்கு என்றால் யாராலும் முடியாது.

நம் வகுப்பறைக்கு எடுத்து வந்தால்

தமிழ்நாட்டில் பிள்ளைகளை இடத்தைவிட்டு எழுப்புவது புதிதல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007க்குப் பிறகு மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில் பிள்ளைகள் தாங்களே எழுந்து போய் அட்டையை எடுத்து வந்தார்கள். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஆடலும் பாடலும் பாடத்திலேயே இருக்கின்றன. ஆக, ஆடச் சொல்வதில் தயக்கம் இல்லை. ஆட்டத்துக்குள் எத்தனை விடை இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை. ஒரு பாட்டுக்கு எல்லோரும் கையசைத்து ஆடுவது அழகு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் பாட்டில் எந்தப் பிள்ளை எதைத் தவறாக வைத்திருக்கிறது என்று தெரியாது. கோரஸாக வாய்ப்பாடு சொல்வதற்கும் அதே குறை. நாற்பது குரலில் பத்துக் குரல் வெறும் வாயசைப்பாக இருந்தாலும் காதுக்குத் தெரியாது.

நம் பள்ளிகளுக்கே உரிய ஒரு சிக்கலை முதலில் தீர்க்க வேண்டும். இங்கே வகுப்பில் உடலை அசைப்பது நீண்ட காலமாகத் தண்டனை. தோப்புக்கரணம் போடு, கிரவுண்டை மூன்று சுற்று ஓடிட்டு வா, முட்டி போடு. கணக்குத் தப்பினால் குதி என்று சொன்ன அடுத்த நிமிடமே கிரோனிங்கன் பாடம் பழைய பாடமாகிவிடும். அங்கே சரியான விடைதான் குதி. தவறாகக் குதித்த பிள்ளைக்குக் கூடுதல் குதி எதுவும் இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் இல்லை. அதே கணக்கு இரண்டு மூன்று கேள்விக்குப் பிறகு திரும்ப வந்தால் போதும். அசைவுகளைத் தேர்ந்தெடுக்கும்போதும் தோப்புக்கரணத்தைத் தவிர்ப்பது நல்லது. உடம்புக்கு நல்ல பயிற்சிதான், ஆனால் பிள்ளைகளின் மனத்தில் அதற்கு வேறு பொருள் ஏறியிருக்கிறது.

ஏழெட்டு ஐம்பத்தாறுக்கு 56 முறை குதிக்க முடியாதே என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. பத்துகளுக்கு ஓர் அசைவு, ஒன்றுகளுக்கு ஓர் அசைவு என்று பிரித்துவிடலாம். கையை மேலே வீசி ஒரு பெரிய குதி குதித்தால் பத்து. நின்ற இடத்தில் காலைத் தூக்கி ஓர் அடி வைத்தால் ஒன்று. 56 என்றால் ஐந்து பெரிய குதி, ஆறு அடி. இதில் இடமதிப்பும் சேர்ந்தே பழகுகிறது. 65க்கும் 56க்கும் குழம்பும் பிள்ளை உடனே கண்ணில் படும்.

தமிழில் எழுத்துக்கூட்டல் டச்சு மொழியைப் போல இல்லை. எழுத்துக்கு ஒரு குதி என்று வைத்தால் நம் பிள்ளைகளுக்குப் பெரிய பயன் இருக்காது. உச்சரிப்பதை அப்படியே எழுதுவதில் நமக்குச் சிக்கல் குறைவு. சிக்கல் மயங்கொலிகளில். ல, ள, ழ, ர, ற, ந, ன, ண. மூன்றாம் வகுப்பில் சொல்வதெழுதுதல் நோட்டைத் திருத்தியவர்களுக்குச் சிவப்பு மை எங்கே தீர்ந்தது என்று தெரியும். இதற்குப் பொருத்தமாக ஒரு பாடம் இப்படி இருக்கலாம். ல வந்தால் இரண்டு கையும் மேலே. ள வந்தால் உட்கார்ந்து எழ வேண்டும். ழ வந்தால் நின்ற இடத்தில் ஒரு சுற்று. கேள்விக்கும் கேள்விக்கும் நடுவே மெல்லோட்டம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆசிரியர் சொல்லை உச்சரிக்கக் கூடாது, பொருளைச் சொல்ல வேண்டும். பல மாவட்டங்களில் பேச்சில் ழகரம் ளகரமாகவோ யகரமாகவோ ஒலிக்கிறது, ஆசிரியர் வாயிலும் அப்படித்தான் வரும். "பல்லி" என்று சொன்னால் பிள்ளை காதால் கேட்டுக் கையைத் தூக்கிவிடும், "வாழை" என்பது "வாளை" என்று காதில் விழுந்தால் தவறாக உட்காரும். "சுவரில் ஒட்டிக்கொண்டு சத்தம் போடுவது" என்றால் பல்லி என்ற சொல்லை மனத்தில் எழுதிப் பார்த்துத்தான் கையைத் தூக்க முடியும். "நாம் தினமும் காலையில் வருகிற இடம்", உட்கார்ந்து எழு. "சாப்பாடு பரிமாறும் இலை எந்த மரத்தினுடையது", சுற்று. "நாய் ஆட்டுவது", "அரசர் கையில் இருப்பது" என்று வாலையும் வாளையும் அடுத்தடுத்துக் கேட்டால் மெல்லோட்டத்தின் நடுவே வகுப்பு யோசிப்பதைப் பார்க்கலாம்.

அடுத்த சிக்கல், பார்த்துச் செய்வது. முதல் பெஞ்சில் நன்றாகப் படிக்கும் பிள்ளை கையைத் தூக்கியதும் பின்னால் பாதி வகுப்பு தூக்கும். பார்வைக்கு எல்லோரும் சரி. இது எந்த வகுப்பிலும் வரும், பிள்ளைகளின் தப்பு இல்லை. கேள்வி கேட்டதும் கண்ணை மூடச் சொல்லி, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணி, மூன்றில் எல்லோரும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும் என்று வைத்தால் பெருமளவு சரியாகிவிடும். யோசிக்க நேரமும் கிடைக்கிறது. வேகமாகச் சொல்பவரே கெட்டிக்காரர் என்ற நிலையும் மாறுகிறது.

தொடர் ஓட்டம் மாதிரியான ஆட்டங்களைப் பாடத்துக்கு எடுப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளை ஓடிப்போய் விடை அட்டையை எடுக்க, ஒன்பது பிள்ளைகள் வரிசையில் நின்று கத்தும் ஆட்டத்தில் உற்சாகம் நிறைய, விடை கொஞ்சம். நேரத்தை எண்ணிப் பாருங்கள். வரிசையில் இரண்டு பேருக்கு மேல் நிற்காதபடி சின்னக் குழுக்களாகப் பிரித்தால் அதே ஆட்டம் நல்ல பாடமாகும். பாண்டிக் கட்டமும் அப்படியே. வகுப்புக்கு ஒரு கட்டம் போட்டால் வேடிக்கை. இரண்டு பிள்ளைக்கு ஒரு கட்டம் என்று முற்றம் முழுக்க சுண்ணாம்பால் போட்டால் பயிற்சி.

மற்றவை சின்ன விஷயங்கள், ஆனால் விட்டுவிட முடியாதவை. மதிய உணவு முடிந்த உடனே குதிக்க வைக்கக் கூடாது. வெயில் காலத்தில் தகரக் கூரையின் கீழும் வேண்டாம். மாடியில் வகுப்பு இருந்தால் கீழ் வகுப்பு ஆசிரியரிடம் முன்பே பேசி, குதிப்பதற்குப் பதில் கை அசைவும் உட்கார்ந்து எழுவதும் வைத்துக்கொள்ளலாம். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையோ, நடக்கச் சிரமப்படும் பிள்ளையோ வகுப்பில் இருந்தால் அந்தப் பிள்ளையால் முடிந்த அசைவையே வகுப்பு முழுவதற்கும் விடை அசைவாக வைத்துவிடுவதுதான் சரி. தனக்கு மட்டும் வேறு அசைவு என்று அந்தப் பிள்ளை ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

தொடங்க நினைக்கும் பள்ளிக்குச் செலவு எதுவும் இல்லை. பாடங்களை எழுதி வைப்பதுதான் வேலை. கன்சாஸ் ஆசிரியர்கள் பாதி வழியில் சுருங்கியதை நினைத்தால், ஒன்றிய அளவில் நான்கைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பருவத்துக்கான கேள்விகளையும் அசைவுகளையும் முன்கூட்டியே எழுதி, எல்லோரும் பகிர்ந்துகொள்வது நல்லது. மூன்றாம் வகுப்பில் தொடங்குங்கள், வாரம் மூன்று நாள், 20 நிமிடம். புரிந்த பாடத்தை மட்டும் எடுங்கள். கதை வாசிப்பை இதில் சேர்க்காதீர்கள். அதற்கு அமைதியான வேறு நேரம் வேண்டும்.

தொடங்குவதற்கு முன் ஒரு நிமிடத் தேர்வு ஒன்று வையுங்கள். ஒரு தாளில் 40 பெருக்கல் கணக்கு, ஒரு நிமிடத்தில் எத்தனை போடுகிறார்கள் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு பிரிவு இருந்தால் அங்கேயும் அதே தாள். மாதம் ஒரு முறை இரண்டு பிரிவுக்கும் புதிய தாள், அதே அளவு கடினம். மதிப்பெண் போட்டு ரேங்க் சொல்ல வேண்டாம், குறித்து வைத்தால் போதும். ஒரு பருவம் முடிந்தும் சில பிள்ளைகளின் எண்ணிக்கை நகரவில்லை என்றால் ஆட்டத்தை மாற்றுவதற்கு முன் ஒரு நாள் வகுப்பின் பின்பக்கம் நின்று, கண்ணை மூடி மூன்று எண்ணும் அந்த நேரத்தில் அந்தப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.